பெக்–உப்புக் குழாயில் அடுக்கு பிரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நீர்சார் ஈரடுக்கு முறை, ஆய்வகப் பேச்சில் ஏடிபிஎஸ், கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் எனும் பெக் கரைசலையும் பொட்டாசியம் பாஸ்பேட் கரைசலையும் போதிய அளவில் சேர்த்தால் குழாய் கலங்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காக நிற்கும். மேலே பெக், கீழே உப்பு. பாஸ்பேட்டுக்குப் பதிலாக டெக்ஸ்ட்ரான் எனும் சர்க்கரைச் சங்கிலிப் பொருளைப் போட்டால் கீழே டெக்ஸ்ட்ரான். எண்ணெயோ கரிமக் கரைப்பானோ இதில் இல்லை. இரண்டு அடுக்கிலும் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் நொதிகள் குலையாமல் ஏதாவது ஓர் அடுக்கில் போய்ச் சேர்கின்றன. ஜெலட்டினும் அகாரும் தண்ணீரில் கலந்தால் இப்படிப் பிரிந்து நிற்கும் என்று 1896-இலேயே டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்யரிங்க் எழுதிவிட்டார். ஆனால் 1950-களில் ஸ்வீடனின் ஆல்பர்ட்சன் செல் துணுக்குகளைப் பிரிக்கப் பெக்கைக் கையில் எடுத்த பிறகுதான் அது ஒரு வேலைக்கருவி ஆனது.

இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எடைக் கோளாறுகள் என்பது என் கட்சி. நொதி சரியில்லை, பெக் பாட்டில் சரியில்லை என்று தேடப் போவதற்கு முன் தராசுக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் குழாயில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குகிறது.

பேச்சுக்கு ஒரு மாதிரிக் குழாயை வைத்துக்கொள்வோம். மொத்த எடை 10 கிராம். பெக் 4000 (எண் அதன் மூலக்கூறு எடை; எண் கூடினால் சங்கிலி நீளம்) எடையில் 14 சதவீதம், பொட்டாசியம் பாஸ்பேட் 12 சதவீதம், பிஎச் 7. கையில் 50 சதவீதப் பெக் ஸ்டாக்கும் 40 சதவீதப் பாஸ்பேட் ஸ்டாக்கும் இருக்கின்றன; ஸ்டாக் என்றால் முன்கூட்டியே தயாரித்து வைத்த அடர்கரைசல். அப்படியானால் பெக் ஸ்டாக் 2.8 கிராம், பாஸ்பேட் ஸ்டாக் 3.0 கிராம், நொதிச் சாறு 2.0 கிராம், மீதி 2.2 கிராம் தண்ணீர். சாறு பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பாயின் என்று இருக்கட்டும்.

அறிகுறி: கலக்கிய பிறகும் தெளிவாக ஒரே திரவமாக நிற்கிறது

முதலில் உண்மையிலேயே ஒரே திரவமா என்று பாருங்கள். இரண்டு அடுக்கும் நிறமில்லாமல் இருந்தால் எல்லைக்கோடு கண்ணில் படாமலே போகும். குழாயை விளக்குக்கு எதிரே பிடித்து லேசாகச் சாய்த்தால், கோடு இருந்தால் ஒரு மெல்லிய ஆடி போல அசையும். அப்போதும் சந்தேகம் என்றால், சாறு சேர்க்காத ஒரு வெற்றுக் குழாயில் ஒரு துளி மெத்திலீன் நீலம் விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி நிற்க வையுங்கள். நிறம் குழாய் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தால் ஒரே திரவம்தான். ஓர் இடத்தில் அடர்ந்து வரம்பு கட்டி நின்றால் அடுக்கு பிரிந்திருக்கிறது. டெக்ஸ்ட்ரான் முறைக்கு நீல டெக்ஸ்ட்ரான் நல்லது. அது கீழே போய்விடும்.

உண்மையிலேயே பிரியவில்லை என்றால் உங்கள் கலவை பைனோடல் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். எந்தக் கலவை பிரியும் என்று காட்டும் வரைபடமான ஃபேஸ் டயகிராமில் ஓர் அச்சில் உப்பு, மற்றோர் அச்சில் பெக். நடுவே வளைந்து போகும் பைனோடல் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு அடுக்கு, இந்தப் பக்கம் ஒன்று. கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறோம் என்பது தெரியாமல் பெக்கை அள்ளிப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற காரியம். அப்படிப் போட்டால் அடுக்கு பிரியும், சரி. ஆனால் நீங்கள் எந்தக் கலவையில் வேலை செய்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அதே முடிவு வராது.

அதற்குப் பதிலாகக் குழாயைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். பெக் ஸ்டாக்கைத் துளித் துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் பிறகு கலக்குங்கள். கலங்கல் வந்து, கலக்கிய பிறகும் போகாமல் நிற்கும் இடம்தான் கோடு. தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொண்டால் எவ்வளவு குறைந்தது என்பது கணக்காகவே கிடைக்கும். அரைத் துளியில் கலங்கினால் கோட்டின் விளிம்பில் இருந்திருக்கிறீர்கள். அரை கிராம் போன பிறகுதான் கலங்கியது என்றால் எங்கோ அளவே தவறியிருக்கிறது.

எங்கே தவறியிருக்கும்? பெரும்பாலும் பிப்பெட்டில். 50 சதவீதப் பெக் ஸ்டாக் பாகு பதம். 2.8 மில்லி என்று பிப்பெட்டில் இழுத்தால் முனைக்குள் காற்றுக்குமிழ் ஏறும். வெளியே விட்ட பிறகும் உள்சுவரில் ஒரு படலம் ஒட்டி நிற்கும். பாஸ்பேட்டில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். 40 சதவீத ஸ்டாக்கின் அடர்த்தி 1.3-க்கு மேல். 3.0 கிராமுக்குப் பதில் 3.0 மில்லி ஊற்றினால் குழாய்க்குள் போவது ஏறத்தாழ 4 கிராம், அதாவது 1.2 கிராம் உப்புக்குப் பதில் 1.6 கிராம். இப்படி இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பார்வைக்குச் சரியான குழாய் போலவே நிற்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. எனவே ஸ்டாக் எல்லாவற்றையும் எடையில் தயாரியுங்கள், எடையிலேயே சேருங்கள். பிப்பெட் சாறுக்கு மட்டும் போதும்.

எடை சரி, இன்னும் பிரியவில்லை என்றால் பிஎச்சைப் பாருங்கள். பாஸ்பேட்டில் இரண்டு உப்புகள் கலந்திருக்கின்றன. இரட்டை மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் பாஸ்பேட் அயனிதான் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பெக்கைத் தள்ளுகிறது; ஒற்றை மின்சுமை கொண்ட டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுக்கு அந்த வலு இல்லை. பிஎச் 7-க்கு டைபொட்டாசியம் உப்பு 1.8 பங்கு, மோனோபொட்டாசியம் உப்பு 1 பங்கு என்ற எடை விகிதம் பொருத்தமாக வரும். யாராவது பிஎச் 6-இல் செய்து பார்க்கலாம் என்று விகிதத்தை மாற்றியிருந்தால், மொத்தப் பாஸ்பேட் அதே 12 சதவீதமாக இருந்தும் குழாய் பிரியாமல் போகலாம். பைனோடல் கோடே நகர்ந்துவிட்டது.

டெக்ஸ்ட்ரான் முறையில் இன்னொன்று கூடும். டெக்ஸ்ட்ரான் தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நூறு கிராமில் ஐந்து முதல் பத்து கிராம் தண்ணீராகவே இருப்பது சாதாரணம். மழைக்காலத்தில் திறந்து மூடிய டப்பா என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் 20 சதவீதம் என்று எழுதி ஒட்டிய ஸ்டாக் 18-தான் இருக்கும். ஒரு சிறு பங்கை உலர்த்தி எடை பாருங்கள். போலாரிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: நேற்று பிரிந்த அதே கலவை இன்று பிரியவில்லை

இது வெப்பநிலை. ஆனால் எந்தப் பக்கம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். பெக்–உப்புக் கலவை சூட்டில் நன்றாகப் பிரியும், குளிரில் கலந்துகொள்ளும். பெக்–டெக்ஸ்ட்ரான் நேர் எதிர்: குளிரில் நன்றாகப் பிரியும், சூட்டில் கலந்துகொள்ளும். ஆக, பாஸ்பேட் குழாயைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பார்த்தால் ஒரே திரவம். மேசையில் கொஞ்ச நேரம் இருந்தால் கலங்கிப் பிரியும். டெக்ஸ்ட்ரான் குழாய் 4 டிகிரியில் அழகாக இரண்டாக நின்று, ஏசி இல்லாத அறைக்கு வந்ததும் ஒன்றாகிவிடும்.

கலவைப் புள்ளி கோட்டிலிருந்து தள்ளி இருந்தால் இந்த ஐந்து பத்து டிகிரி ஒன்றும் செய்யாது. விளிம்பில் நிற்கும் கலவைதான் இப்படி ஆட்டம் காட்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத ஆய்வகத்தில் விளிம்பில் வேலை செய்யாதீர்கள். பெக்கையோ உப்பையோ ஓரிரு சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள். குளிரறையில் வேலை என்றால் ஸ்டாக், குழாய், பிப்பெட் முனை, சென்ட்ரிஃபியூஜ் எல்லாமே அதே குளிரில் இருக்க வேண்டும்.

அறிகுறி: கலங்கலாகவே நிற்கிறது, மணிக்கணக்கில் தெளியவில்லை

எண்ணெயும் தண்ணீரும் சட்டென்று பிரியக் காரணம், அங்கே இரண்டு திரவமும் தொடும் பரப்பின் இடைமுக இழுவிசை அதிகம். மீட்டருக்கு 50 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். பெக்–டெக்ஸ்ட்ரானில் அது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போவதுண்டு. அடர்த்தி வித்தியாசமும் சொற்பம். திரவமோ பாகு பதம். சிறு துளிகள் ஒன்றோடொன்று சேர அவசரமே படாது. அதனால் டெக்ஸ்ட்ரான் முறையில் ஒரு மணி நேரம் கலங்கி நிற்பது கோளாறே இல்லை. பெக்–உப்பு அரை மணி நேரத்தைத் தாண்டினால் யோசிக்கலாம்.

குழாயை வேகமாக அதிரவைக்கும் வோர்டெக்ஸ் கருவியில் வைத்து அடித்தீர்களா? துளிகள் நுணுக்கமாகிவிடும், புரதம் நுரைக்கும். மூடியைத் திருகி முப்பது நாற்பது தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாலே கலந்துவிடும்.

பிறகு சென்ட்ரிஃபியூஜ். ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஜி வரை, ஐந்து பத்து நிமிடம் போதும். குழாய் ஆடி நிமிரும் வகை ரோட்டரில் வையுங்கள். சாய்வுக் கோண ரோட்டரில் எல்லைக்கோடு சாய்வாகப் படிந்து, குழாயை நிமிர்த்தும்போது அடுக்குகள் மறுபடி குழம்பும். பிரேக்கை அணைத்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் காலியில்லை என்றால் குழாயைப் படுக்கப் போட்டு வையுங்கள். துளி விழ வேண்டிய தூரம் குறைகிறது. தெளிந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் எந்த அடுக்கு மற்றதைச் சூழ்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பாகான பெக் அடுக்கு அளவில் மிகுந்து, அதற்குள் உப்புத் துளிகள் மிதந்தால் பிரிவது மந்தம். உப்பு அடுக்கு மிகுந்து அதற்குள் பெக் துளிகள் இருந்தால் வேகம். பெக்கைக் குறைத்து உப்பை ஏற்றி, உப்பு அடுக்கு பெரிதாகும் பக்கம் கலவையை நகர்த்துங்கள்.

அறிகுறி: அடுக்கு பிரிந்தது, ஆனால் மேல்–கீழ் அளவு எதிர்பார்த்தபடி இல்லை

என் கணக்கில் இதுதான் மிகவும் பயனுள்ள அறிகுறி. ஆனால் நோட்டில் யாரும் எழுதி வைப்பதில்லை. அளவுக்கோடு போட்ட 15 மில்லிக் குழாயில் செய்து, மேலடுக்கு எத்தனை மில்லி, கீழடுக்கு எத்தனை மில்லி என்று ஒவ்வொரு தடவையும் குறியுங்கள்.

காரணம் இதுதான். ஃபேஸ் டயகிராமில் உங்கள் கலவைப் புள்ளி வழியாக ஒரு டை லைன் போகிறது. அதன் ஒரு முனை மேலடுக்கின் கலவை, மறு முனை கீழடுக்கின் கலவை. அந்த ஒரே கோட்டின் மேல் நீங்கள் எங்கே நின்றாலும் இரண்டு அடுக்கின் கலவையும் மாறாது. அளவு மட்டும் மாறும். புள்ளி மேலடுக்கு முனைக்கு அருகே போனால் மேலடுக்கு பெரிது, கீழடுக்கு முனைக்கு அருகே போனால் கீழடுக்கு பெரிது. மேலடுக்கின் எடையைக் கீழடுக்கின் எடையால் வகுத்தால், புள்ளியிலிருந்து கீழ் முனைக்கான தூரத்தை மேல் முனைக்கான தூரத்தால் வகுத்தது கிடைக்கும்.

ஆகவே ஒரே கலவையை மூன்று குழாயில் போட்டு, மூன்றிலும் அளவு வேறு வேறாக இருந்தால் அது எடுத்துப்போட்ட எடைத் தவறு. மூன்றிலும் ஒரே அளவு, ஆனால் போன வாரத்து அளவிலிருந்து மாறியிருக்கிறது என்றால் ஸ்டாக் தவறு. பெரும்பாலும் பாட்டில் மூடி சரியாக மூடாமல் நீர் ஆவியாகியிருக்கும். வெற்றுக் குழாயில் சரியாக வந்து, சாறு சேர்த்த குழாயில் மட்டும் மாறுகிறது என்றால் சாறுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டில் வீழ்படிவாக்கிய புரதத்தை டயாலிசிஸ் செய்து உப்பை நீக்காமல் கொண்டுவந்தீர்களா? அந்த உப்பும் கணக்கில் சேரும். அரைத்த செல் கூழை அப்படியே ஊற்றினீர்களா? செல் துணுக்குகள் கீழடுக்கில் இடம் பிடித்து அதை வீங்கச் செய்யும், பைனோடல் கோட்டையும் நகர்த்தும். கூழை அதிகம் ஏற்றினால் வெற்றுக் குழாயில் வரைந்த டயகிராம் உதவாது. கூழோடு சேர்த்தே புதிதாக வரைய வேண்டும்.

அறிகுறி: அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

வெள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் மூன்று வேறு சங்கதிகள் அதில் உண்டு. விளக்கில் மினுங்கும் பரல்கள், குழாயைத் தட்டினால் கலகலக்கும். அது உப்புப் படிகம். சோடியம் பாஸ்பேட்டில் செய்தால் குளிரில் இது நிச்சயம் வரும், டைசோடியம் உப்பின் கரைதிறன் குளிரில் படுவேகமாகச் சரியும். பொட்டாசியம் உப்புக்கு மாறினால் தீர்ந்தது. பொட்டாசியத்திலும் பிஎச் குறைந்த ஸ்டாக் என்றால் மோனோபொட்டாசியம் உப்பு படிகமாகலாம். வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கரைத்த பிறகே எடை போடுங்கள். படிகம் அடியில் கிடக்க, மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுத்தால் அது 40 சதவீதமே அல்ல.

தூசு போல மாவாகப் படிந்து, சூடாக்கினாலும் கரையாமல், ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குக் கரைந்தால் அது கால்சியம் பாஸ்பேட். பால் தெளிவு, கடினமான குழாய்த் தண்ணீர், கால்சியம் குளோரைடு போட்ட பஃபர் இவற்றோடு பாஸ்பேட் சேரும் இடமெல்லாம் இது வரும். மக்னீசியமும் அப்படித்தான். பாலோடு வேலை என்றால் பாஸ்பேட்டை விட்டுவிட்டு சோடியம் சிட்ரேட் முறைக்குப் போய்விடுங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக் கரைசலில் வைத்திருக்கும். கழிவாக வெளியேறினாலும் மட்கும்.

பஞ்சு போல, அழுக்கு வெள்ளையாக, தட்டினால் மெல்ல எழும்பி மெல்ல அமர்ந்தால் அது புரதம். அதற்கு அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு அடுக்குக்கும் நடுவே ஏடு கட்டி நிற்கிறது

இடைமுகத்தில் புரதம் தேங்குகிறது. மூன்றாவது திரவ அடுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஊசி முனையால் தொட்டால் இழுபடும். கொஞ்சம் ஏடு எப்போதும் இருக்கும், கூழிலிருந்து வரும் சவ்வுத் துணுக்குகள் அங்கேதான் தங்கும். அதிகம் என்றால் முதலில் சாறைப் பாதியாக்கிப் பாருங்கள். ஏடும் பாதிக்கு மேல் குறைந்தால் சுமைதான் காரணம். குறையவில்லை என்றால் பெக், உப்பு இரண்டையும் குறைத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் அருகே வாருங்கள். டை லைன் நீளமானால் இரண்டு அடுக்கிலும் புரதத்துக்கு இடம் சுருங்கும். பெக் 6000-க்குப் பதில் 1500 போன்ற குட்டைச் சங்கிலியும் உதவும். ஆனால் அது பிரிய அதிகச் சதவீதம் கேட்கும், பைனோடலை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நொதி இரண்டு அடுக்கிலும் சமமாக இருக்கிறது, அல்லது வேண்டாத அடுக்கில் இருக்கிறது

மேலடுக்குச் செறிவைக் கீழடுக்குச் செறிவால் வகுத்தால் பங்கீட்டெண். அது 1-ஐ ஒட்டி நின்றால் கலவை கோட்டின் விளிம்பில் இருக்கிறது என்பது முதல் ஊகம். அங்கே இரண்டு அடுக்கும் கிட்டத்தட்ட ஒரே கலவைதான், நொதிக்கு எங்கே போனால் என்ன. கோட்டை விட்டு இரண்டடுக்குப் பக்கம் உள்ளே நகருங்கள். நகர்ந்த பிறகும் கீழேயே கிடந்தால் பெக் சங்கிலியைக் குட்டையாக்குங்கள், பெரிய பெக் புரதத்தைக் கீழே தள்ளும். பெக்–உப்பு முறையில் சோடியம் குளோரைடு கொஞ்சம் சேர்ப்பது நீர்வெறுப்புப் பரப்பு கொண்ட புரதங்களை மேலே ஏற்றும். டெக்ஸ்ட்ரான் முறையில் உப்பின் வேலை வேறு: பாஸ்பேட் அயனி டெக்ஸ்ட்ரான் பக்கம் சாய்வதால் மேலடுக்கு லேசாக நேர்மின் பெறுகிறது, எதிர்மின் புரதங்கள் மேலே வரும். சோடியம் குளோரைடு அந்தச் சாய்வைக் குலைத்துவிடும். இரண்டு முறைக்கும் ஒரே சூத்திரம் தேடாதீர்கள்.

அறிகுறி: மேல், கீழ், ஏடு மூன்றையும் கூட்டினாலும் போட்ட நொதி திரும்ப வரவில்லை

அளவிடுதலா, நொதியா என்று பிரித்துப் பாருங்கள். புரத அளவுக்குச் சாறில்லாத வெற்றுக் குழாயின் அதே அடுக்கை, அதே அளவு நீர்க்கச் செய்து பிளாங்க்காக, அதாவது ஒப்பிடும் சுழி மாதிரியாக, வையுங்கள். மேலடுக்குக்குத் தண்ணீர் பிளாங்க் வைத்து 280 நானோமீட்டரில் அளந்தால் பொய்தான் கிடைக்கும். சில பெக் தரங்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகச் சேர்க்கும் BHT (பியூட்டிலேற்றிய ஹைட்ராக்ஸிடொலுயீன்) அங்கேயே ஒளியை உறிஞ்சும்.

புரதம் கணக்கில் வருகிறது, செயல்திறன்தான் வரவில்லை என்றால் பெக் பாட்டிலின் வயதைப் பாருங்கள். திறந்து வெளிச்சத்தில் வைத்த பெக்கில் காலப்போக்கில் பெராக்சைடு சேரும். பப்பாயினுக்கு அதன் கந்தகத் தொகுதிதான் உயிர்நாடி. பெராக்சைடு நேராக அதைத்தான் தாக்கும். சாறையும் பெக் ஸ்டாக்கையும் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, பிறகு ஒரு பங்கில் சிஸ்டீன் சேர்த்தும், ஒரு பங்கில் சேர்க்காமலும் அளந்து பாருங்கள். சிஸ்டீன் போட்டதும் செயல்திறன் மீண்டால் ஆக்சிஜனேற்றம்தான். புதுப் பாட்டில் திறந்து, ஸ்டாக்கைச் சிறு அளவில் தயாரித்து, இருட்டில் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அடுக்கை எடுக்கும் கையிலேயே கசிவு இருக்கலாம். மேலடுக்கை முழுதும் உறிஞ்சப் பார்க்காமல் எல்லைக்கு மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். கீழடுக்கை எடுக்கப் பிப்பெட் முனையை மேலடுக்கு வழியாக இறக்கும்போது ஒரு குமிழை மெதுவாக ஊதிக்கொண்டே இறக்குங்கள். பெக் உள்ளே ஏறாது. எடுத்த பிறகு முனையின் வெளிப்புறத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, எடுத்த பங்கையும் மில்லியில் அல்ல, எடையில் குறியுங்கள்.